குலுக்கல் போட்ட பள்ளிக்கூடம்

எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு பள்ளிக்கூடத்தை வைத்து இரண்டு வருடமாகச் சண்டை. அந்தப் பள்ளிக்கூடம் அப்போது இருக்கவே இல்லை. இல்லாத பள்ளிக்கூடத்தைத் திறந்தே தீருவேன் என்று அவர் நின்றார்; திறக்கவே விடக்கூடாது என்று நான் நின்றேன். சனிக்கிழமைகளில் லண்டன் செவன் கிங்ஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு பக்கம் அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பார். மறுபக்கம் எங்கள் ஆசிரியர் சங்கத்துக்காரர்களோடு நின்று நான் துண்டுப் பிரசுரம் கொடுப்பேன். குளிர் கூடினால் அவருடைய பிளாஸ்கிலிருந்து எனக்கும் தேநீர் வரும். குடித்து முடித்து, கப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் எதிர்ப்பேன்.

நான் கவுன்சில், அதாவது நகரசபை, நடத்தும் ஒரு பெரிய பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அக்கா மருந்துக்கடையில் வேலை செய்கிறார். இருமல் மருந்து வாங்க வருகிறவர்களிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்து விசாரித்தே, இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் அதிகம், பள்ளிக்கூடம் குறைவு என்ற முடிவுக்கு வந்தவர். வந்த முடிவோடு சும்மா இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் இருக்கவில்லை. ஒரு பஞ்சாபிக் கணக்காளர், ஒரு சோமாலியத் தாய், ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் என்று ஆள் சேர்த்தார். புதிதாக ஒரு ஃப்ரீ ஸ்கூல் தொடங்க அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப் பேர் இலவசப் பள்ளிக்கூடம் என்று நினைத்தார்கள். எல்லா அரசுப் பள்ளியும் இங்கே இலவசம்தான். இதில் ஃப்ரீ என்றால் கவுன்சிலிடமிருந்து விடுதலை. பணம் அரசாங்கத்திலிருந்து நேராக வரும். நடத்துவது கவுன்சில் அல்ல, ஒரு அறக்கட்டளை. எத்தனை மணிக்குத் தொடங்குவது, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம், ஆசிரியருக்கு என்ன சம்பளம் என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்யலாம். கட்டணம் வாங்கக்கூடாது, சோதனை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கக்கூடாது. சொன்னபடி நடத்தாவிட்டால் அரசாங்கம் பிடுங்கி வேறொருவரிடம் கொடுக்கும், இல்லாவிட்டால் மூடும்.

இதில் உனக்கு என்ன கோபம் என்று கேட்டால், என்னிடம் பதில் தயாராக இருந்தது. பிள்ளை எங்கே போகிறதோ அங்கே பணமும் போகும். எங்கள் பள்ளியிலிருந்து ஒரு வகுப்பளவு பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் குறைவார். கட்டடத்துக்குப் போடும் ஹீட்டிங் குறையாது. ஓடி விசாரிக்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் புதிய இடத்துக்குப் போய்விடுவார்கள். விசாரிக்க நேரமில்லாமல் இரண்டு ஷிப்ட் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் எங்களோடு மிஞ்சுவார்கள். இதை நான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் அக்காவிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பார்.

"டீச்சர், உங்கட பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா உங்கட மகள் அங்க வந்தால், அவள் ஒருத்தி இருக்கிறாள் எண்டு எத்தனை பேருக்குத் தெரியும்?"

நான் துண்டுப் பிரசுரக் கட்டை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுவேன்.

என் மகள் வீட்டுக்குள் வாய் ஓயாதவள். சோற்றுக் கோப்பையோடு கதைப்பாள், டிவியோடு சண்டை பிடிப்பாள், குளிக்கும்போது செய்தி வாசிப்பாள். வாசற்படியைத் தாண்டினால் ஒரு சொல் வராது. நர்சரியில் கூச்சம் என்றார்கள். பிறகு ஆங்கிலம் பழகினால் சரிவரும் என்றார்கள். வீட்டில் அவள் பேசுவதே ஆங்கிலம்தான் என்று சொன்னபோது, அப்படியா என்று தலையை ஆட்டினார்கள். கடைசியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருவர் வந்து பார்த்து, இது அடம் இல்லை, பயம் என்றார். வெளியே வந்ததும் குரல் தொண்டையில் பூட்டிக்கொள்கிறது. கட்டாயப்படுத்த வேண்டாம், கேள்வியைக் கேளுங்கள், கேட்டுவிட்டுக் காத்திருங்கள், பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள் என்றார். யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்திக்குக் கொடுக்கக்கூடிய தண்டனைகளில் இதைவிடப் பெரியது இல்லை. கேள்வியையும் நாங்களே கேட்டு, பதிலையும் நாங்களே சொல்லி, ஏன் அப்படிப் பதில் சொன்னாய் என்று ஏசியும் முடித்துப் பழகியவர்கள் நாங்கள்.

நான் காத்திருக்கப் பழக முன்பே அவளுக்கு ஒரு வாய் கிடைத்துவிட்டது. அக்காவின் மகள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. அந்தப் பிள்ளை இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். பெயர் கூப்பிடும்போது முதலில் தனக்கு ஒரு "யெஸ் மிஸ்", பிறகு என் மகளுக்கு ஒரு "யெஸ் மிஸ்". அவளுக்கு நீலப் பென்சில் வேண்டுமாம், அவளுக்கு வயிறு வலிக்கிறதாம், அவளுக்கு இந்தக் கணக்கு தெரியுமாம் ஆனால் சொல்லமாட்டாளாம். என் மகள் அவளுடைய சட்டைக் கையைச் சிறிது இழுப்பாள். எதற்கு இழுக்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். நான் பெற்றவளுக்கு என்ன வேண்டும் என்பதைச் சில நாட்களில் நானே அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பதினொரு வயதில் பெரிய பள்ளிக்குப் போகவேண்டும். எங்கள் பக்கத்துத் தமிழர்கள் எல்லோரையும்போல நாங்களும் மகளை, கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் எடுக்கும் கிராமர் பள்ளியின் சோதனைக்கு டியூஷனில் போட்டோம். எழுத்துச் சோதனைக்கு வாய் தேவையில்லை, தப்பிவிடுவாள் என்பது என் கணவரின் கணக்கு. அவள் தப்பவில்லை. எழுதி முடிக்க முன்பே நேரம் முடிந்துவிட்டது என்று காரில் வைத்துச் சொன்னாள். அக்கா தன் மகளை அந்தச் சோதனைக்கு அனுப்பவே இல்லை. "நான் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருக்கிறன், பிறகு ஏன் மற்றவையின்ர வாசலில போய் நிப்பான்" என்றார்.

மிஞ்சியது என் பள்ளி. அங்கே ஒரு வருடத்துக்கே முந்நூறு பிள்ளைகள் சேர்கிறார்கள். நான் அங்கே படிப்பிக்கிறவள் என்பதால்தான் எனக்குப் பயம். பேசாத பிள்ளை தொல்லை தராத பிள்ளை. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியரின் கண் சத்தம் வரும் பக்கம்தான் திரும்பும். அடக்கமான பிள்ளை என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லி அனுப்பிவிடுவோம். தாய் தகப்பனும் அதைப் பாராட்டு என்று நினைத்து வீட்டுக்குப் போவார்கள்.

இந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் இருக்கும் என் தங்கச்சியோடு கதைத்தேன். அவளுடைய மகன் அங்கே சார்ட்டர் பள்ளி ஒன்றில் படிக்கிறான். உன் சார்ட்டர் என்பது என்ன, எங்கள் சண்டையில் உள்ள சாமான்தானா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, உதேதான். காசு அரசாங்கத்தின்ர, நடத்துறது வேற ஆக்கள். தொடங்கேக்க ஒப்பந்தம் எழுதுவினம். பிள்ளையளை இந்தளவுக்குக் கொண்டுவருவம், இப்பிடிப் படிப்பிப்பம் எண்டு. அந்த ஒப்பந்தத்துக்குத்தான் சார்ட்டர் எண்டு பேர். சொன்னதைச் செய்யாட்டி புதுப்பிக்க மாட்டினம், மூடிப்போடுவினம்."

"மூடினால் பிள்ளையள் எங்க போறது?"

"அதுதான் பிரச்சினை. ஆனா எங்கட வட்டாரத்துப் பள்ளிக்கூடத்தை எவ்வளவு மோசமா நடத்தினாலும் ஒருத்தரும் மூடேல்ல அக்கா. காசுள்ளவன் வீட்டை மாத்திக்கொண்டு நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில போயிட்டான். எங்களுக்கு வீடு மாறக் காசில்லை. பள்ளிக்கூடத்தை மாத்த வழி கிடைச்சுது. அதுக்கு மேல எனக்கு அரசியல் விளங்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஏன், அப்பா படிச்ச பள்ளிக்கூடமும் உப்பிடித்தானே. சம்பளம் அரசாங்கம், நிர்வாகம் ஊர் ஆக்கள். பிறகுதானே அரசாங்கம் எடுத்தது."

அவள் சொன்னது சரி. எங்கள் ஊரிலும் அந்தக் காலத்தில் அப்படித்தான் பள்ளிகள் இருந்தன. சில மிஷன்காரரிடம், சில சைவப் பெரியவர்களிடம். அவற்றின் பெருமையைப் பேசாத யாழ்ப்பாணத்தான் இல்லை. ஆனால் ஊர் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஊரில் எல்லோருக்கும் உட்கார வாங்கு கிடைக்கவில்லை. சில பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள், சில பிள்ளைகள் வாசலுக்கே வரவில்லை. நடத்துகிறவர்கள் யாரை விரும்பினார்களோ அவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடமாகத்தான் அது இருந்தது. இதைத் தங்கச்சியிடம் சொன்னேன். "இங்க அப்பிடிச் செய்யேலாது" என்றாள். "கூடப் பேர் வந்தால் குலுக்கல். ஆரின்ர பிள்ளை எண்டு பாக்கேலாது." குலுக்கலில் பள்ளிக்கூடமா என்று நான் சிரித்துவிட்டு போனை வைத்தேன்.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம் தாங்கவில்லை. அக்காவின் பள்ளிக்கு அரசாங்க அனுமதி வந்தது. அவரைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். மனதுக்குள் எரிந்தது உண்மை. அடுத்த செப்டம்பரில் ஒரே ஒரு ஆண்டுப் பிள்ளைகளோடு தொடங்கப்போவதாக அறிவித்தார்கள். மூத்த பிள்ளைகள் என்று யாரும் இல்லை. முதல் வருடம் அந்தக் கட்டடம் முழுவதும் பதினொரு வயதுப் பிள்ளைகள் நூறு பேர் மட்டும். மதியச் சாப்பாட்டை ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள் என்று அறிவித்தலில் போட்டிருந்தது. நான் அதை வாசித்ததை என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்ப் பாப்பம்" என்றார். "பாக்கிறதுக்கு உம்மட சங்கம் ஒண்டும் சொல்லாதுதானே?"

கட்டடம் முடியவில்லை என்பதால் அறிமுகக் கூட்டத்தை ஒரு தேவாலய மண்டபத்தில் வைத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரிடமாவது ஏதாவது ஆகவேண்டும் என்றால் முதலில் பொன்னாடை. கோயில் தலைவர், தமிழ்ப் பாடசாலை அதிபர், கவுன்சிலர், எம்பி, ஒருவரும் தப்ப முடியாது. என் கணவரும் தமிழ்ப் பாடசாலைத் தகப்பன்மார் சிலரும் எனக்குத் தெரியாமல் பேசி, ஈஸ்ட்ஹாமில் ஒரு பொன்னாடை வாங்கி, பையில் ஒளித்துக்கொண்டு வந்திருந்தார்கள். புதிய தலைமை ஆசிரியருக்குப் போர்த்தினால் எங்கள் பிள்ளைகளின் முகம் அவர் மனதில் நிற்குமாம். வந்து பார்த்தால் தலைமை ஆசிரியர் ஒரு பெண். ஆண்கள் போய்ப் போர்த்துவது சரியில்லை என்று மண்டபத்தின் பின்பக்கம் அவசர ஆலோசனை நடந்தது. முடிவில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீரும் ஒரு டீச்சர்தானே" என்றார் என் கணவர். "டீச்சர் டீச்சரைக் கௌரவிக்கிறது வடிவா இருக்கும்."

"நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்."

"பொன்னாடைக்கு எதிரில்லைத்தானே. போம்."

அப்படித்தான் நான் எதிர்த்த பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு நானே பொன்னாடை போர்த்தினேன். பச்சைக் கரையும் ஜரிகையுமாக, சூடான மண்டபத்தில், ஸ்வெட்டருக்கு மேலே. உயரமான ஐரிஷ்காரி. தோளில் விழுந்தது என்னவென்று தெரியாமல் முதலில் திகைத்தார். நான் விளக்கியதும் சிரித்தார். கழற்றிவிடுவார் என்று பார்த்தேன், கழற்றவில்லை. வியர்க்க வியர்க்க அதைப் போட்டுக்கொண்டே பேசினார்.

இந்த அழகான துணி பள்ளி மண்டபத்தில் தொங்கும், நான் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டேன் என்று தொடங்கினார். பிறகு, இது யாருக்கும் இடம் வாங்கித் தராது, ஏனென்றால் இடம் கொடுக்கிற அதிகாரம் என்னிடமே இல்லை என்றார். விசேட உதவி தேவை என்று சட்டப்படி பதிவான பிள்ளைகளுக்கும், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்கும் முதலில் இடம். மிச்சம் எல்லாம் குலுக்கல். தூரம் பார்க்கமாட்டார்கள், நேர்முகம் இல்லை, சோதனை இல்லை. வெளியாள் ஒருவர் மேற்பார்வை செய்வார். பள்ளியைத் தொடங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சில இடங்களை ஒதுக்கிக்கொள்ள விதி அனுமதிக்கிறது, ஆனால் இந்தக் குழு வேண்டாம் என்று விட்டுவிட்டது என்றும் சொன்னார். நான் அக்காவைத் தேடிப் பார்த்தேன். அவர் பின்வரிசையில் கதிரைகளை நேராக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களின் முகத்தை அப்போது படம் எடுத்திருக்க வேண்டும். மண்டபத்துக்கு வெளியே வந்ததும் ஒரு தகப்பன் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "ஒரு சின்னச் சோதினையாவது வைக்கலாமே. படிக்கிற பிள்ளைக்கும் படிக்காத பிள்ளைக்கும் ஒரே சீட்டோ?" புள்ளியும் வெட்டுப்புள்ளியும், இலங்கையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை உயர்த்திய தரப்படுத்தலும் பார்த்து வளர்ந்த சனம். இரண்டு புள்ளியில் பல்கலைக்கழகம் தவறி, அதனாலேயே கப்பல் ஏறியவர்களும் எங்களில் இருக்கிறார்கள். படிப்பில் அநியாயம் நடந்தால்கூட அது கணக்குப்படி நடக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள். குலுக்கல் எங்களுக்கு அவமானமாக இருந்தது.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது, முன்னால் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். ஒருத்தி கையை வீசி வீசிப் பேச, மற்றவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு. அதைப் பார்த்தபடி நடந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நேர்முகம் வைத்தால் என் மகள் தோற்பாள். சோதனை வைத்தால் தோற்பாள், தோற்றுவிட்டாள். தகப்பன்மாரின் செல்வாக்கு என்றால் எங்களிடம் ஒரு பொன்னாடைக்கு மேல் இல்லை. அவள் பிறந்ததிலிருந்து மற்றப் பிள்ளைகளோடு சரிசமமாக நிற்கப்போகும் முதல் வரிசை இந்தக் குலுக்கல்தான். நிலத்தில் யார், வாங்கில் யார் என்று தெரிவு செய்ய ஒருவரும் இல்லாத வரிசை.

அக்காவைக் கேட் வாசலில் பிடித்தேன். உங்கள் மகளுக்கு ஒரு இடம் வைத்திருக்கலாமே, விதியே அனுமதிக்கிறதே என்று கேட்டேன்.

"ஸ்டேசன் வாசலில நிண்டு எல்லாற்ற பிள்ளையளுக்கும் எண்டுதானே கையெழுத்து வாங்கினனான் டீச்சர். பிறகு என்ர பிள்ளைக்கு முன்கதிரையை ஒதுக்கிப்போட்டு அந்த ஆக்களின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? கடைக்கு மருந்தெடுக்க வருவினமே." பிறகு குரலைத் தணித்தார். "விழும். எனக்கு நம்பிக்கை இருக்கு. விழாட்டி உங்கட பள்ளிக்கூடத்தை ரெண்டாவதாப் போட்டிருக்கிறன். நீங்கள் இருக்கிறியள்தானே."

அன்றைக்கு நான் கணினியில் என் மகளின் விண்ணப்பத்தில் அந்தப் பள்ளியை முதலாவது விருப்பமாகப் போட்டேன். என் பள்ளியை இரண்டாவதாக. மறுநாள் ஆசிரியர் அறையில் நானே சொல்லிவிட்டேன். பின்னால் யாரோ சொல்லித் தெரியவருவதை நான் விரும்பவில்லை. சங்கத்தில் என்னோடு துண்டுப் பிரசுரம் கொடுத்த தோழி ஒருத்தி, நீயுமா என்று மட்டும் கேட்டாள். எனக்கு மகள் ஒருத்தி இருக்கிறாள் என்றேன். எல்லோருக்கும்தான் பிள்ளை இருக்கிறது என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை.

முடிவு மார்ச் முதலாம் திகதி பின்னேரம் மின்னஞ்சலில் வந்தது. என் கணவர் போனை என்னிடம் நீட்டினார். மகளுக்கு அக்காவின் பள்ளி கிடைத்திருந்தது. நான் சமையலறையில் நின்று சத்தமாகவே அழுதேன். அழுது முடிந்த பிறகுதான் கவனித்தேன், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்த வீட்டில் டிவி நிற்கும் நேரமே கிடையாது.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டியது. அக்கா ஒரு பாத்திரம் நிறையக் கேசரியோடு நின்றார். பின்னால் மகள், கண் வீங்கி.

"பின்னேரமே செய்து வைச்சிட்டன்" என்றார். "எங்களுக்கு உங்கட பள்ளிக்கூடம்தான் வந்திருக்கு. உங்கட பிள்ளை தனக்கு விழுந்திட்டுதெண்டு போனில அனுப்பினதை இப்பத்தான் இவள் பாத்துச் சொன்னவள். செய்த சாமானை வீணாக்கக்கூடாதுதானே, எடுங்கோ."

பாத்திரத்தை வாங்க எனக்குக் கை வரவில்லை. பள்ளிக்கூடம் வேண்டும் என்று இரண்டு வருடம் தெருவில் நின்றவருக்கு இல்லை. வேண்டாம் என்று எதிரே நின்றவளுக்குக் கிடைத்திருக்கிறது. நான் இந்த இடத்தை விட்டுவிடுகிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "டீச்சர், விசர்க்கதை கதைக்காதேங்கோ. நீங்கள் விட்டால் அது எனக்கு வராது, வரிசையில அடுத்து நிக்கிற பிள்ளைக்குப் போகும். அதுவும் சரிதான். ஆனா குலுக்கல் எண்டு சொன்னது நாங்கள். எங்களுக்கு விழேல்ல எண்டவுடன அது பிழையாப் போயிடுமோ?"

அவருடைய மகள் இடையில் புகுந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கவலையே இல்லை. ஆங்கிலத்தில்தான் கேட்டாள்: "அன்ரி, இனி இவளுக்காக யார் கதைக்கிறது?"

என் மகள் மேசையடியில் நின்று அவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் மூன்று பேர் நின்றோம். அக்கா கேசரிப் பாத்திரத்தை மேசையில் வைத்தார். இடம் கிடைக்கவேண்டும் என்று கேட்ட நேரமெல்லாம், இரண்டு பேருக்கும் சேர்ந்து கிடைக்கவேண்டும் என்று கேட்க நான் மறந்துபோயிருந்தேன். குலுக்கலுக்கு எல்லோரும் தனித்தனிப் பிள்ளைகள்தான்.

செப்டம்பர் வந்தது. அக்காவின் கடைக்குப் போகும் வழியில்தான் புதிய பள்ளி. என் மகளை அவர் கூட்டிப் போனார். என் பள்ளிக்குப் பஸ். அவருடைய மகளை நான் கூட்டிப் போனேன். அவர் கட்டிய பள்ளிக்கூடத்தில் என் பிள்ளை, நான் கட்டிக் காத்த பள்ளிக்கூடத்தில் அவர் பிள்ளை. முதல் நாள் கேட்டைத் திறந்து ஆளுக்கொரு பிள்ளையோடு எதிரெதிர்ப் பக்கமாகத் திரும்பியபோது, ஸ்டேஷன் வாசல் ஞாபகம் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

முதல் வாரங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மகள் வீட்டுக்கு வந்து புதிய பள்ளியைப் பற்றி எல்லாம் சொல்வாள், தான் பேசினாளா என்பதைத் தவிர. நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அக்காவுக்கு லீவு நாள். பள்ளிச் சாப்பாட்டு மண்டபத்தில் போய் உதவிக்கு நிற்பார். ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்பே கதவைத் தட்டினார்.

"இருங்கோ டீச்சர், ஆறுதலாச் சொல்லுறன்" என்று கதிரையில் இருந்தார். "இண்டைக்குச் சாப்பாட்டு வரிசையில ஒரு பிள்ளை. நாட்டுக்குப் புதுசா வந்தது போல, இங்கிலீஷ் ஒண்டும் விளங்கேல்ல. தட்டில சொசேஜை வைச்சிட்டினம். அந்தப் பிள்ளை முழிச்சுக்கொண்டு நிக்குது. நான் போறதுக்கிடையில, பின்னால நிண்ட உங்கட மகள் சொல்லுறாள், அவளுக்கு உது வேண்டாம், அவள் இறைச்சி சாப்பிடமாட்டாள் எண்டு. எல்லாருக்கும் கேக்க. எப்பிடித் தெரியுமெண்டு கேட்டதுக்கு, அவள் என்ர சட்டையை இழுத்தவள் எண்டாள்."

நான் அழவில்லை. அக்காதான் அழுதார்.

அந்தப் பள்ளி நல்ல பள்ளியாக நிலைக்குமா என்று எனக்குத் தெரியாது. சிறியதாக இருக்கும் வரைக்கும்தான் இந்தக் கவனமெல்லாம் என்று என் தோழி சொல்கிறாள், சரியாக இருக்கலாம். எங்கள் பள்ளியில் அந்த வருடம் பிள்ளைகள் குறைந்து, சங்கீத ஆசிரியரின் வேலை போனது. துண்டுப் பிரசுரத்தில் நான் எழுதியது அப்படியே நடந்தது. அதே காலத்தில் அக்கா சொன்னதும் நடந்தது. என் மகளின் குரலுக்கு முன்னால் நின்று, உன் கொள்கை என்ன என்று யாரும் என்னைக் கேட்டுவிடக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

என் மனதை இப்போதும் உறுத்துவது வேறு. அக்காவின் மகளை என்னுடைய விஞ்ஞான வகுப்பிலேயே போட்டிருந்தார்கள். முதல் நாள் மறதியில் என்னை "அன்ரி" என்று கூப்பிட, வகுப்பு முழுவதும் சிரித்தது. அதோடு அவள் அடங்கிப்போனாள். இரண்டு பேருக்குப் பேசிப் பழகியவளுக்குத் தனக்கு மட்டும் பேச வரவில்லை. ஜன்னல் ஓரக் கதிரையில் இருப்பாள். கேள்வி கேட்டால் பக்கத்துக் கதிரையைப் பார்ப்பாள். அங்கே இருக்கிறவள் சட்டையை இழுக்கமாட்டாள். பெற்றோர் கூட்டத்துக்கு முன் மற்ற ஆசிரியர்கள் அவளைப் பற்றி எழுதிக் கொடுத்ததைப் பார்த்தேன். அடக்கமான பிள்ளை.

அடுத்த நாள் வகுப்பில் அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டேன். உப்பு தண்ணீரில் கரையும்போது எங்கே போகிறது என்ற சின்னக் கேள்விதான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வழக்கப்படி என் வாய் பதிலைச் சொல்லத் திறந்தது, மூடிக்கொண்டேன். பின்வரிசையில் கதிரைகள் இழுபட்டன, யாரோ சிரித்தார்கள், நான்கு கைகள் உயர்ந்தன. நான் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. என் பிள்ளைக்காக இத்தனை வருடம் பேசிய பிள்ளை அவள். மணி அடித்தாலும் அடிக்கட்டும் என்று, அவள் வாய் திறக்கும்வரை காத்து நின்றேன்.